அமைதிப் படை 1990-ல் திரும்பி வந்தது சரியா?

வெண்ணாறு எழுதியது:

வேலை விஷயமாக இரண்டு மாதமாகக் கொழும்பில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பத்தரமுல்லையில் இருக்கும் இந்திய அமைதி காக்கும் படை நினைவிடத்துக்குப் போனேன். காவலுக்கு இருந்தவரைத் தவிர யாரும் இல்லை. கல்லில் பெயர்கள். சிங், ராம், குமார் என்று படித்துக்கொண்டே போனவன் நடுவில் நம் ஊர்ப்பக்கப் பெயர் ஒன்று வந்ததும் நின்றுவிட்டேன், அதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். அடுத்த நாளே படை இறங்கியது. 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியது. ஏறத்தாழ 32 மாதம், ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிர், காயம்பட்டவர்கள் மூவாயிரம் பேர். அங்கே செத்த பொதுமக்களுக்கு ஒழுங்கான கணக்கே கிடையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தது சரி. ஆனால் 1990-ல் வந்திருக்கக் கூடாது, 1987 அக்டோபரிலேயே வந்திருக்க வேண்டும். இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடுவில் நிற்கப் போனவன், புலிகளோடு சண்டை போடத் தொடங்கிய அன்றே போன வேலை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்தது வேறு போர், அதற்கு யாரும் நம்மைக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்கோடன் எழுதியது:

வெண்ணாறு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முடிவு தவறு என்று நினைக்கிறேன்.

1989 முடிவில் நிலைமை என்ன? புலிகள் பெரும்பாலும் முல்லைத்தீவுக் காட்டுக்குள் ஒதுங்கியிருந்தார்கள். வடக்கும் கிழக்கும் இணைந்த ஒரு மாகாணம், அதற்கு ஒரு முதலமைச்சர், திருகோணமலையில் ஒரு தலைமைச் செயலகம், இதெல்லாம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. அந்த இணைப்பையும் 2006-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. காணி, காவல்துறை அதிகாரங்களை இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தியப் படை அங்கே இருந்த அந்தக் கொஞ்ச காலத்தில்தான் கொழும்புக்கு ஒரு நெருக்கடி இருந்தது.

அப்புறம் இதையும் யோசியுங்கள். அப்போதைய இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசாவும் புலிகளும் ஒருவரை ஒருவர் அழிக்க நினைத்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே விஷயத்தைக் கேட்டார்கள் என்றால் அது இந்தியா போக வேண்டும் என்பதுதான். அதற்காகப் புலிகளுக்கு ஆயுதமே கொடுத்தார் பிரேமதாசா. நாம் கிளம்பி மூன்று மாதம் ஆகவில்லை, 1990 ஜூனில் இரண்டு பேரும் மீண்டும் போரில். கிழக்கில் சரணடைந்த போலீஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரும் விரட்டப்பட்டார்கள். போர் 2009 மே வரை போனது. தங்கியிருந்தால் ஆகும் செலவை எல்லோரும் எண்ணுகிறார்கள், கிளம்பியதால் ஆன செலவை ஒருவரும் எண்ணுவதில்லை. இன்னும் இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கொக்குவில் பொடியன் எழுதியது:

> இன்னும் இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும்

செங்கோடன் அண்ணா, கோபத்தில் எழுதவில்லை. நான் அந்த முதல் இரண்டு வருடத்தையும் கொக்குவிலில் இருந்து பார்த்தவன். எனக்கு அப்போது பதினொரு வயது.

இந்தியன் ஆமி வந்தபோது நாங்கள் மாலை போட்டோம். இதை இப்போது பலர் மறைத்துக் கதைக்கிறார்கள், ஆனால் போட்டோம். எங்கள் ஒழுங்கையில் இருந்த அம்மாக்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், நாங்கள் சிறுவர்கள் லொறிக்குப் பின்னால் ஓடினோம், ஒரு சீக்கிய சிப்பாய் எனக்குச் சப்பாத்தி தந்தார். ஜூன் மாதம் விமானத்தில் வந்து சாப்பாட்டுப் பொதி போட்ட நாடு அது. இனிப் பயமில்லை என்று அம்மம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு செப்டெம்பரில் நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதமிருந்து தண்ணீர்கூடக் குடியாமல் கிடந்து பன்னிரண்டாம் நாள் இறந்தார். ஊர் முழுக்க அங்கே போய்வந்தது. அக்டோபர் 5 பிடிபட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உட்படப் புலிகள் பன்னிரண்டு பேர் பலாலியில் சயனைட் குடித்து இறந்தார்கள். அதற்கு அடுத்த வாரம், 11-ம் தேதி இரவு, எங்கள் தலைக்கு மேல் ஹெலிகொப்டர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பக்கம் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவில் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார் என்று பின்னால் வாசித்தேன். அன்று இரவு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். விடியும்வரை அம்மா என்னையும் தங்கையையும் கட்டிலுக்குக் கீழே வைத்து, மேலே மெத்தையைச் சாய்த்து, அதன் மேல் தான் சாய்ந்து கிடந்தார்.

மூன்றாம் நாள் நல்லூர்க் கோயிலுக்கு நடந்து போனோம். எத்தனையோ ஆயிரம் பேர். ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசை. அங்கே இருக்கும்போதுதான் தீபாவளி வந்தது, அக்டோபர் 21. அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் ஆமி புகுந்து மருத்துவர், தாதியர், நோயாளி என்று அறுபது பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது. ஆஸ்பத்திரிக்குள், அண்ணா.

அதன் பிறகு இரண்டு வருடம் எப்படி இருந்தது என்றால், சென்றி (காவல் சாவடி) வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். சுற்றிவளைப்பு என்றால் விடியப் புறம் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் வெயிலில் இருக்க வேண்டும், சாக்கால் முகம் மூடிய ஒரு ஆள் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். தலையாட்டி என்போம். அவன் தலையாட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். என் அப்பா அந்த வரிசையில் நடந்தபோது நான் அவருடைய செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், முகத்தைப் பார்க்கப் பயம்.

அதனால் இன்னும் இரண்டு வருடம் என்று சொல்லும்போது, யாருடைய இரண்டு வருடம் என்று கேட்கத் தோன்றுகிறது.

நெய்தல் எழுதியது:

பொடியன் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எழுத ஒன்றும் வரவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு நாங்கள் செய்தியாகப் படித்தது இது.

பாலாறு எழுதியது:

என் அப்பா அந்தப் படையில் இருந்தார். லாரி ஓட்டுநர். வேலூர் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார்கள், அதனால் எங்களுக்கு இது விவாதமாக இருந்ததில்லை, அப்பா எப்போது வருவார் என்பது மட்டும்தான் கேள்வி.

கொக்குவில் அண்ணன் சொன்னது எதையும் நான் மறுக்கப் போவதில்லை, அப்பாவும் மறுக்க மாட்டார். ஆனால் இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும். அந்தச் சிப்பாய்களுக்கு எங்கே போகிறோம் என்றே சொல்லவில்லை. அமைதி காக்கப் போகிறோம், ஆயுதம் வாங்கி வைக்கப் போகிறோம், இரண்டு மூன்று மாதத்தில் திரும்பலாம், இப்படித்தான் கிளம்பினார்கள். எதிரில் இருந்தவர்கள் கையில் ஏகே-47, இவர்கள் கையில் ஒவ்வொரு குண்டாகச் சுடும் பழைய எஸ்எல்ஆர். எதிரில் இருந்தவர்களுக்கு 1983-க்குப் பிறகு பயிற்சி கொடுத்ததே இந்தியாதான். சாலையில் கண்ணிவெடி. அப்பா ஓட்டிய லாரியின் தரையில் மணல் மூட்டை பரப்பியிருப்பார்களாம், அதன் மேல் காலை வைத்துத்தான் கிளட்ச் மிதிப்பாராம். ஒவ்வொரு நாளும் முதல் வண்டியாக யார் போவது என்று சீட்டுப் போட்டிருக்கிறார்கள்.

தமிழ் தெரியும் என்பதால் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்க அப்பாவைக் கூப்பிடுவார்கள். ஒரு பாட்டி, கையில் முருங்கைக்காய்க் கட்டு, அப்பாவைப் பார்த்து “தம்பி, நீங்களும் தமிழ்தானே, இவையளுக்குச் சொல்லுங்கோ, என்ர பேரன் ஒன்றும் செய்யேல்லை” என்று அழுதாராம். அப்பா அதை இந்தியில் மாற்றிச் சொன்னார். அதற்கப்புறம் பேரன் என்ன ஆனான் என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருடமாக முருங்கைக்காய்ச் சாம்பார் சாப்பிட மாட்டார், அம்மா அதை வைப்பதே இல்லை.

1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மாநில முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அப்பாவும் உடன் வந்தவர்களும் அதைப் பற்றித்தான் ரயிலில் ஊர் வரும்வரை பேசினார்களாம். அந்த 1,200 பேரில் தமிழர்களும் உண்டு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பரம்வீர் சக்ரா வாங்கியது அங்கே 1987 நவம்பர் 25 அன்று செத்ததற்குத்தான். ஆற்காடு சாலையில் பரமேஸ்வரன் விஹார் என்று பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

நெய்தல் எழுதியது:

பாலாறு, அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் கலைஞர் போகாததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். 1989 ஆகஸ்ட் 2 வல்வெட்டித்துறை நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. ஆறு சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்கு ஊருக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். அந்தப் படையைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மாலையோடு போய் வரவேற்றிருந்தால் இங்கே பலரால் அதைத் தாங்கியிருக்க முடியாது.

பாலாறு எழுதியது:

லாரி ஓட்டியவர், சமையல் செய்தவர், வயர்லெஸ் பார்த்தவர் எல்லோரும் வல்வெட்டித்துறையில் சுட்டவர்கள் இல்லை. அனுப்பியது டெல்லி. திட்டியிருக்க வேண்டியது டெல்லியை. துறைமுகத்தில் இறங்கிய சிப்பாய்க்கு ஒரு டீ கொடுத்திருக்கலாம். இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரிகிறது, பரவாயில்லை.

வெண்ணாறு எழுதியது:

நெய்தல் சொன்ன தேதியைக் கவனியுங்கள். 1989 ஜூன் 1 அன்று பிரேமதாசா, ஜூலை 29-க்குள் படை முழுவதும் போக வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். வல்வெட்டித்துறை நடந்தது அந்தக் கெடு முடிந்து நான்காம் நாள். செத்த ஆறு சிப்பாய்கள், செத்த ஊர்மக்கள் அத்தனை பேரும், போ என்று சொன்ன பிறகும் போகாமல் இருந்த நாட்களில் செத்தவர்கள்.

செங்கோடன், படை போனது எந்த உரிமையில்? ஜெயவர்த்தனா கூப்பிட்டார், போனோம். அடுத்து வந்த குடியரசுத் தலைவர் போகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு இருந்தால் அதற்குப் பெயர் என்ன? பிரேமதாசாவின் நோக்கம் கெட்டதாகவே இருக்கட்டும். வீட்டுக்காரன் வெளியே போ என்ற பிறகு கூடத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா?

ராஜீவ் ஆட்சியில் படை குறைய ஆரம்பித்தது, முழுவதும் முடிந்தது டிசம்பரில் வி.பி. சிங் வந்த பிறகுதான். இடையில் போன உயிர்கள் எந்த லட்சியத்துக்காகப் போயின என்று எனக்கு யாராவது சொல்லுங்கள். இவ்வளவு பேர் செத்துவிட்டார்களே, சும்மா எப்படித் திரும்புவது என்ற கேள்விதான் ஒவ்வொரு மாதமும் இன்னும் சிலரைச் சாகடித்திருக்கிறது. சூதாட்டத்தில் விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி மறுபடி பணம் வைப்பவனை ஊரில் பார்த்திருக்கிறேன். அவன் வைப்பது அவன் பணம், இங்கே வைத்தது அடுத்தவன் பிள்ளையை.

செங்கோடன் எழுதியது:

கொக்குவில் பொடியன், உங்கள் கேள்வி நியாயம். “இரண்டு வருடம்” என்று இங்கிருந்து எழுதியது எனக்கே உறுத்துகிறது. ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு எந்தக் காரணமும் நான் சொல்ல மாட்டேன்.

வெண்ணாறு சொன்ன உரிமைக் கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் கிளம்புவதிலும் வகை இருக்கிறது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே காலத்தில் சோவியத் படை ஆப்கானிஸ்தானிலிருந்து கிளம்பியது. 1989 பிப்ரவரி 15, ஜெனரல் குரோமோவ் ஆமூ தரியா பாலத்தைக் கடந்து போனார். அவர்களுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இழப்பு, நம்மைவிடப் பல மடங்கு. ஆனால் போன பிறகும் அவர்கள் ஆதரித்த ஆப்கான் அதிபர் நஜிபுல்லா அரசுக்குக் கோதுமை, டீசல், ஆயுதம் எல்லாம் போய்க்கொண்டே இருந்தது. உடனே விழும் என்று பலரும் சொன்ன அரசு 1992 ஏப்ரல் வரை நின்றது. சோவியத் யூனியனே உடைந்து உதவி நின்ற பிறகுதான் விழுந்தது. நாம் விட்டுவந்த அரசு என்ன ஆனது? வடகிழக்கு மாகாண முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் 1990 மார்ச் 1 அன்று ஈழப் பிரகடனம் வாசித்தார், அதே மாதம் கடைசிக் கப்பலுக்கு முன்பே அவரே இந்தியாவுக்கு வந்துவிட்டார். வருடக்கணக்கில் ராஜஸ்தானில் இருந்தார். அந்த அரசை நம்பி வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா, காவலர், அவர்களுக்கெல்லாம் கப்பல் இல்லை.

கொக்குவில் பொடியன் எழுதியது:

நன்றி அண்ணா, கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னீர்கள்.

நஜிபுல்லாவிடம் சொந்தமாக ஒரு ராணுவம் இருந்தது. பெருமாளிடம் இருந்தது இந்தியன் ஆமி மட்டும்தான். 1988 நவம்பர் மாகாணசபைத் தேர்தலில் வடக்கில் வாக்குப்பதிவே நடக்கவில்லை, போட்டியில்லாமல் தெரிவானவர்கள். நாங்கள் ஒருவரும் வாக்குப் போடாத அரசு, இன்னும் இரண்டு வருடம் டீசலும் துவக்கும் கொடுத்தால் எங்களுடைய அரசாகிவிடுமா? நிற்க வைத்திருக்கலாம். விட்டவுடன் விழும்.

காபூல் 2021-ல் விழுந்தபோது தொலைக்காட்சியில் அந்த விமான ஓடுபாதையைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது, “இவங்களும் யாரையோ நம்ப வச்சிட்டுப் போறாங்கள்” என்று. ரொறன்ரோவில் குளிருக்குப் போர்த்துக்கொண்டு இருந்து அதைச் சொன்னார்.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு. இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். யாழ்ப்பாணத்தையும் டெல்லியையும் சென்னையையும் கதைத்துவிட்டீர்கள், கிழக்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1989-ல் ஆமி போகப்போகிறது என்று தெரிந்த பிறகு, தாங்கள் போனாலும் மாகாண அரசைக் காக்க ஒரு படை வேண்டும் என்று தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைக் கட்டினார்கள். இந்தியா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. ஆட்கள்? ஆட்களைப் பிடித்தார்கள். ரோட்டில், பஸ்ஸில், சந்தையில், பள்ளிக்கூடப் பொடியன்களை. எங்கள் ஊரில் பிள்ளைபிடி என்று சொல்வோம். அம்மாமார் பொடியன்களை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள், சிலர் சேலை கட்டிவிட்டுக்கூட வெளியே அனுப்பினார்கள்.

என் மாமி மகன் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்கள் யார் என்று எழுத விரும்பவில்லை, அவர்களிலும் பலர் இன்று இல்லை. பதினேழு வயது. ஏ லெவல் கணிதம். சைக்கிளைப் பக்கத்துக் கடைக்காரர் கொண்டுவந்து தந்தார், கரியரில் லொக் (மடக்கை) புத்தகம் அப்படியே இருந்தது. மாமி ஒரு காம்ப்பிலிருந்து மற்றக் காம்ப்புக்கு மூன்று கிழமை அலைந்தார். ஒரு முறை கண்டார். பெரிய சப்பாத்து, பெரிய சட்டை, கைக்கு மேலே இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தானாம். “ஆமி இருக்குமட்டும் ஒன்றும் நடக்காது அம்மா” என்று அவன்தான் மாமிக்கு ஆறுதல் சொன்னான்.

ஆமி முதலில் விட்டுப்போனது அம்பாறையைத்தான், 1989 கடைசியில். போன கையோடு புலிகள் அந்தப் பொடியன்களின் காம்ப்புகளை அடித்தார்கள். துவக்கை எப்படிப் பிடிப்பது என்று சரியாகத் தெரியாத பொடியன்கள். எத்தனை பேர் என்று ஒருவரிடமும் பட்டியல் இல்லை.

வெண்ணாறு தம்பி, நீங்கள் பார்த்த கல்லில் பெயர் இருக்கிறது. அதில் இருக்கும் ஒவ்வொருவரும் யாருடையவோ பிள்ளை, அவர்களுக்காகவும் அழ வேண்டும். ஆனால் அந்தப் படை போகும்போது தன் இடத்தில் நிற்க வைத்துவிட்டுப் போன பிள்ளைகளுக்குக் கல் இல்லை. புலிகளுக்கு அவர்கள் துரோகிகள். அரசாங்கத்துக்கு அவர்கள் பயங்கரவாதிகள். இந்தியாவுக்கு அவர்கள் ஒன்றுமே இல்லை.

போனது சரியா பிழையா என்றால், போனது சரி. போகும்போது பதினேழு வயதுப் பொடியன்களைப் பிடித்து முன்னால் நிறுத்தியதை ஒருவரும் சரி என்று சொல்ல முடியாது.

செங்கோடன் எழுதியது:

அக்கா, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று எழுதியது அந்த அரசைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்றுதான். அதைத் தாங்க எதை முட்டுக் கொடுத்தார்கள் என்பதை நான் எழுதவில்லை. இந்தப் படை பற்றிப் படித்திருக்கிறேன், ஒரு வரியில் கடந்து போயிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

நான் தொடங்கிய கேள்வி வந்தது சரியா என்பது. எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்று தேதியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். 1987 அக்டோபரில் வந்திருந்தால் அந்தத் தமிழ்த் தேசிய இராணுவமே உருவாகியிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் 1989-ல் உட்கார்ந்து முடிவெடுத்தவனுக்கு அது பதில் இல்லை. யாரை விட்டுவிட்டுப் போகிறோம், அவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா, முடியாவிட்டால் ஆயுதத்தைக் கொடுக்காமலாவது போகலாமே, அதைத்தான் அங்கே கேட்டிருக்க வேண்டும். பெருமாளோடு வந்தவர்களில் ஒரு பகுதியினரை ஒரிசாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆக, கூட்டிக்கொண்டு வர வழி இருந்தது. கிழக்கில் பிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் அது இல்லாமல் போனது.

பாலாறு எழுதியது:

அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாது, அதனால் நான்தான் படிப்பேன். பெரிய சட்டை, இரண்டு மடிப்பு என்ற இடத்தில் போதும் என்று கையைக் காட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகச் சொன்னார். இதுவரை வீட்டில் சொன்னதில்லை. கிழக்கில் ஒரு முகாமைக் காலி செய்தபோது இவருடைய லாரிதான் கடைசிக்கு முந்தியது. அந்தப் பையன்கள் வாசலில் நின்றார்களாம், பத்துப் பதினைந்து பேர். இவர் தமிழ் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவன் படியில் ஏறி, “ஐயா, எப்ப திரும்பி வருவீங்க” என்று கேட்டான். ரேஷன் எடுக்கப் போகிறோம், சாயங்காலம் வந்துவிடுவோம் என்று சொல்லும்படி மேலே இருந்து உத்தரவு. இவர் அதையே சொன்னார். அந்தப் பையன் சரி ஐயா என்று சொல்லி இறங்கி, கேட்டை இவர்களுக்காகத் திறந்துவிட்டான்.

திரும்பி வந்தது சரியா என்று கேட்டேன். “வராம என்ன பண்றது, வரணும்தான். பொய் சொல்லிட்டு வந்தேன்டா” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

வாவிக்கரை எழுதியது:

தம்பி, ஐயாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லுங்கள். பிறகு முடிந்தால் கேளுங்கள். அந்தக் காம்ப் எந்த ஊர்? அம்பாறைப் பக்கமா, மட்டக்களப்புப் பக்கமா? படியில் ஏறின பொடியனுக்கு இடது புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பு இருந்ததா? மாமி இன்னும் இருக்கிறார், எண்பத்திரண்டு வயது.

பாலாறு எழுதியது:

அப்பா படுத்துவிட்டார். காலையில் கேட்டுச் சொல்கிறேன், அக்கா.